ஏழு எழுத்தா, பதின்மூன்றா? இணைய எடிட்டரில் தமிழுக்கு ஒரு பிளகின்

இணையத்தில் எழுதும் பெட்டி ஒன்றைத் திறந்து ‘ஏலாக்குறிச்சி’ என்று அடித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை எண்ணச் சொன்னால் ஏழு எழுத்து என்று சொல்லும்: ஏ, லா, க், கு, றி, ச், சி. தமிழ்99 விசைப்பலகையில் இதற்குப் பதினொரு தட்டு போதும். ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும், சகரத்துக்கும் அப்படியே. உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் அந்தச் சொல்லின் நீளம் 13 என்கிறது. யுடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் 39 பைட் பிடிக்கிறது. ஊர் ஒன்று, கணக்கு நான்கு.

இணைய எடிட்டருக்குத் தமிழ்ப் பிளகின் எழுத உட்காருகிற எவரும் முதல் நாளிலேயே இந்த நான்கு கணக்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். பிளகின் என்பதைச் செருகுநிரல் என்றும் சொல்கிறோம். ஏற்கெனவே இயங்கும் எடிட்டரின் உள்ளே செருகி, அதற்குப் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கும் சிறு நிரல் அது. தமிழ் தட்டச்சு, எழுத்துப்பிழை திருத்தம், சந்தி சரிபார்ப்பு, பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றம் என்று தமிழுக்கு வேண்டிய வேலைகள் பல. இவற்றை எப்படிச் செய்வது, செய்ததை எப்படிச் சோதிப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ்ப் பிளகின் ஒன்றின் தரம், அது எத்தனை பிழையைப் பிடிக்கிறது என்பதைவிட, சரியாக எழுதியதைத் தொடாமல் விடுகிறதா என்பதில்தான் இருக்கிறது. நம்முடைய சோதனைகள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

ஊரின் முதல் எழுத்து

எடுத்துக்காட்டுக்கு ஏலாக்குறிச்சியைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரில்தான் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கான்ஸ்டன்ஸோ பெஸ்கி என்கிற வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அதன் மேல் கலம்பகமும் பாடினார். இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்றவர் அவர்.

தமிழ் எழுத்தில் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துக் காட்டிய சீர்திருத்தம் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பழைய முறையில் குறிலுக்குத்தான் புள்ளி. நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துப் படிப்பவரே ஊகிக்க வேண்டியிருந்தது. அதாவது அன்றைக்குப் பிழைதிருத்தி, படிப்பவரின் தலைக்குள் இருந்தது. நெடில் ஏகாரத்துக்குக் கீழே ஒரு சாய்கோடு, ஓகாரத்துக்கு ஒரு சுழி, உயிர்மெய்யில் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு என்று வந்தபிறகு அந்த ஊகம் தேவையில்லாமல் போயிற்று. ஏலாக்குறிச்சி என்ற பெயரின் முதல் எழுத்தையே இன்று நாம் தடுமாறாமல் படிப்பது அதனால்தான்.

அவர் 1732இல் தொகுத்த சதுரகராதியும் இங்கே பொருந்தும். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு. அதுவரை பெரும்பாலும் நிகண்டுகளை மனப்பாடமாகச் செய்யுளில் வைத்திருந்த மொழிக்கு, சொல்லை அகரவரிசையில் தேடி எடுக்கும் வழியைக் காட்டியது அந்நூல். சொல் கொடுத்தால் பொருள், பொருள் கொடுத்தால் அதற்குரிய சொற்கள், எதுகை தேடுகிறவருக்கு ஒத்த தொடைச் சொற்கள் என்று, தேடுகிறவர் எந்த வாசல் வழியாக வருவார் என்பதை நினைத்துக் கட்டிய ஏற்பாடு அது. இன்று எடிட்டரின் ஓரத்தில் திறக்கும் பரிந்துரைப் பட்டியல் செய்ய முயல்வதும் இதே வேலைதான்.

எழுதும் பெட்டி வளர்ந்த வழி

உலாவிக்குள் எழுத்தைத் தடிமனாக்கவும் சாய்க்கவும் முடியும் என்ற நிலை, 2000இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 பக்கத்தின் ஒரு பகுதியையே எழுதக்கூடியதாக மாற்றும் வசதியைக் கொடுத்தபோது பரவலாயிற்று. அதன் மேல்தான் 2003இல் எஃப்சிகே எடிட்டரும் 2004இல் டைனிஎம்சிஇ-யும் வந்தன. முன்னது பின்னாளில் சிகே எடிட்டர் ஆயிற்று. இவை எல்லாவற்றிலும் பிளகினுக்கென்று ஒரு வாசல் உண்டு.

முதல் தலைமுறை எடிட்டர்களில், திரையில் தெரியும் எச்டிஎம்எல்-தான் ஆவணம். பிளகின் நேராக அதிலேயே கை வைக்கும். பிழையான சொல்லுக்குச் சிவப்புக் கோடு போட வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சுற்றி ஓர் ஒட்டு செருகும். கட்டுரையைச் சேமிக்கும்போது அந்த ஒட்டை எடுக்க மறந்தால், அச்சுக்குப் போகும் பிரதியிலும் அது ஒட்டிக்கொண்டே போகும். அடுத்த தலைமுறை இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. மரைன் ஹாவர்பெக்கின் புரோஸ்மிரர், சிகே எடிட்டரின் ஐந்தாம் பதிப்பு, மெட்டா 2022இல் வெளியிட்ட லெக்சிகல் ஆகியவை ஆவணத்தைத் தனி மாதிரியாக உள்ளே வைத்துக்கொண்டு, திரையில் அதன் படத்தை மட்டும் காட்டுகின்றன. சிவப்புக் கோடு படத்தின் மேல் விழுமே தவிர, ஆவணத்தில் விழாது. பிளகின் எழுதுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நான் போடும் கோடு எழுத்தாளரின் எழுத்துக்குள் போகிறதா, மேலே நிற்கிறதா?

வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் தன் ஐந்தாம் பதிப்பில் குட்டன்பர்க் எடிட்டருக்கு மாறியபோது, பழைய எடிட்டருக்காக எழுதிய பிளகின்கள் பலவற்றுக்குப் பிழைப்பு போயிற்று. பிளகின் தனியாக நிற்பதில்லை. தான் ஒட்டிக்கொண்ட வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கட்டினால் குடியிருப்பவரும் சேர்ந்து மாற வேண்டும். ஆகவே தமிழ் அறிவு முழுவதையும் பிளகினுக்குள் போட்டுக் கட்டிவிடக் கூடாது. எழுத்து எண்ணுவது, சொல் பிரிப்பது, சந்தி பார்ப்பது எல்லாம் தனி நூலகமாக வெளியே இருக்கட்டும். எடிட்டரோடு பேசும் மெல்லிய தோல் மட்டும் பிளகினாக இருக்கட்டும். எடிட்டர் மாறினால் தோலை மாற்றிக்கொள்ளலாம்.

தமிழில் இதுவரை

தமிழுக்கு முதலில் வேண்டியிருந்தது உள்ளிடும் வழி. கணினியில் எந்த மென்பொருளும் நிறுவாமல் விக்கிப்பீடியாவில் நேராகத் தமிழ் அடிக்கலாம் என்ற நிலையை, மலையாள விக்கிப்பீடியர் ஒருவர் உருவாக்கிய நாராயம் என்ற நீட்சி 2011 வாக்கில் எல்லோருக்கும் கொண்டுவந்தது. நாராயம் என்றால் மலையாளத்தில் எழுத்தாணி. ஓலையைக் கிழித்த அதே கருவியின் பெயர் இணையப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது. 2013இல் அதன் இடத்தைப் பிடித்த மொழித்தெரிவுக் கருவியின் உள்ளே ஓடும் உள்ளீட்டு நூலகத்தில் தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு, பாமினி, இன்ஸ்கிரிப்ட் என்று பல முறைகள் உண்டு. அந்த நூலகத்தின் சோதனைக் கோப்பைப் பார்ப்பது பயனுள்ள பாடம். இன்ன விசைகளைத் தட்டினால் இன்ன எழுத்து வர வேண்டும் என்ற இணைகள், வரிவரியாக. நிரல் தெரியாத தமிழாசிரியர்கூட அதைப் படித்து, இந்த வரி தப்பு என்று சொல்லிவிட முடியும். நல்ல சோதனைக்கு அதுவே அடையாளம்.

அடுத்தது திருத்தம். நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் இராஜாராமன் சந்திப்பிழைக்கு நாவியையும் எழுத்துப்பிழைக்கு வாணியையும் உருவாக்கி இணையத்தில் வைத்தார். பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் மொழியியல் பின்னணியோடு மென்தமிழ்ச் சொல்லாளரைச் செய்தார். முத்து அண்ணாமலை முதலானோரின் ஓப்பன்-தமிழ் நூலகம், எழுத்தை எழுத்தாக எண்ணும் அடிப்படை வேலையைத் திறந்த மூலமாகக் கொடுத்தது. இலங்கையில் சர்வேஸ்வரனும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய தமிழிமார்ஃப் சொல்லைப் பிரித்துப் பகுதி, இடைநிலை, விகுதி காட்டுகிறது. இவற்றில் பல முழுப் பிளகின்கள் அல்ல. ஆனால் எந்தப் பிளகினும் இவற்றைப் போன்ற ஒன்றின் தோளில்தான் ஏற வேண்டும்.

எழுத்து என்றால் எது?

யுனிகோடின் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்திய மொழிகளுக்கான இஸ்கி என்ற அடுக்கை ஒட்டியே அது வரிசைப்படுத்தப்பட்டது. அதன்படி லகரத்துக்கு ஓர் எண், துணைக்காலுக்குத் தனி எண். நமக்கு ‘லா’ ஒன்று; கணினிக்கு இரண்டு. ஏலாக்குறிச்சி பதின்மூன்றானது இப்படித்தான்.

இதிலிருந்து கிளைக்கும் தொல்லைகளை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். ‘கொ’ என்பதை ஒருங்கிணைந்த ஒகரக் குறியோடும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. நிரல் ஒப்பிட்டால் வேறு. பிளகின் எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் உரையை யுனிகோடு இயல்பாக்கத்துக்கு உட்படுத்திக்கொண்டால் இது தீரும். ஆனால் ‘கௌ’ என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகச் சேர்த்து ‘கெள’ என்று அடித்திருந்தால் இயல்பாக்கத்தால் தீராது. அவை சட்டப்படி வெவ்வேறு எழுத்துகள். ஔவையாரை ‘ஒள’ என்று இரண்டெழுத்துக் கணக்கில் தொடங்கி எழுதியிருப்பதை இணையம் முழுக்கப் பார்க்கலாம். துணைக்காலுக்குப் பதிலாக ரகரம், அகரத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் எட்டு, எகரத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழு என்று கண்ணை ஏமாற்றும் இரட்டையர் இன்னும் பலர். பழைய புத்தகங்களை வருடி எடுத்த உரையில் இவர்கள் கூட்டமாகவே வருவார்கள்.

சொல்லைப் பிரிப்பதிலும் பள்ளம் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் சொல்லின் எல்லையைக் கண்டுபிடிக்கும் வழக்கமான குறி ரோமன் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லாக அறியும். தமிழ் அதற்கு வெற்றிடம். சரி, யுனிகோடில் ‘எழுத்து’ என்று வகைப்படுத்திய எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று சொன்னால், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்த வகையில் வராது. ஏலாக்குறிச்சி துண்டு துண்டாகச் சிதறும். எழுத்து, ஒட்டுக்குறி இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இப்போதைய உலாவிகளில் எழுத்துக்கூறு பிரிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அது ஏலாக்குறிச்சியைச் சரியாக ஏழாக எண்ணும். ‘க்ஷ’வை மட்டும் இரண்டாக எண்ணும். அதைத் தனியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அகரவரிசையும் அப்படியே. குறியெண் வரிசைப்படி விட்டால் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னாலும் வந்து நிற்கும். பரிந்துரைப் பட்டியலை அந்த வரிசையில் காட்டினால், சதுரகராதியைப் புரட்டத் தெரிந்தவர் சிரிப்பார். தமிழ் வரிசை கேட்டு வாங்கும் வசதியும் உலாவியிலேயே இருக்கிறது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சொல் என்றால் எது?

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் 1,04,405 சொற்கள் உண்டு. அத்தனையையும் பிளகினுக்குள் போட்டாலும், சாதாரணச் செய்தி ஒன்றில் பாதிக்குமேல் சிவப்புக் கோடு விழும். ‘ஏலாக்குறிச்சியிலிருந்துதான்’ என்று ஒருவர் எழுதினால், ஊர்ப்பெயர், யகர உடம்படுமெய், இல், இருந்து, தான் என்று ஐந்தும் ஒரே சொல்லாகச் சேர்ந்து வருகின்றன. இப்படிச் சேர்ந்த வடிவங்களை எந்த அகராதியும் பட்டியல் போடாது, போடவும் முடியாது.

உலாவிகளும் லிப்ரே ஆபிசும் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி ஹங்கேரிய மொழிக்காகப் பிறந்தது. அதுவும் விகுதி மேல் விகுதி ஒட்டும் மொழிதான். வேர்ச்சொற்களுக்கு ஒரு கோப்பு, ஒட்டுகளுக்கு ஒரு கோப்பு என்பது அதன் ஏற்பாடு. ஆனால் பின்னொட்டுகளை இரண்டு அடுக்கு வரைதான் உரிக்கும். தமிழ் நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் தமிழுக்கு வெறும் பட்டியலை விட்டுச் சொல்லாக்க விதிகளைத் தெரிந்த பொறி தேவைப்படுகிறது.

சந்தி அடுத்த படி. ‘ஏலாக்குறிச்சிக்கு போனேன்’ என்பதில் நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் ஒற்று மிக வேண்டும். இதை நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஆனால் ‘மோர் குடித்தான்’ என்பதில் மிகாது, ‘மோர்க்குழம்பு’ என்பதில் மிகும். இரண்டிலும் மோரும் ககரமும்தான். முன்னதில் மோரைக் குடித்தான். பின்னதில் மோரால் ஆன குழம்பு. இரண்டு சொற்களுக்கும் இடையில் உள்ள உறவு தெரியாமல் விதி ஓடாது. ‘பள்ளி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பல்லி’ என்று எழுதினால் அகராதி வாய் திறக்காது, இரண்டுமே சொல்தானே.

இவற்றைவிடக் கடினமானவை பெயர்கள். தமிழில் லகரமும் ரகரமும் மொழிக்கு முதலில் வராது என்பது இலக்கணம். அந்த விதியை நம்பிக் கட்டிய பிளகின் பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டையும் ரஞ்சன்குடியையும் பிழை என்னும். மீன்சுருட்டியை இரண்டாகப் பிரிக்கச் சொல்லும். ஜெயங்கொண்டத்தைச் செயங்கொண்டம் ஆக்கு என்னும். அது எழுதுகிறவர் தீர்மானிக்க வேண்டியது, பிளகின் தீர்மானிக்க வேண்டியது அல்ல. திருமழபாடி, கீழப்பழுவூர், உடையார்பாளையம், வாரணவாசி, கரைவெட்டி என்று நூறு ஊர்ப்பெயரைச் சேர்த்து, அத்தனையும் கோடில்லாமல் வருகிறதா என்று பார்ப்பதே ஒரு நல்ல சோதனைத் தொகுப்பு.

சோதனையும் பரமார்த்த குருவும்

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் ஆற்றைக் கடந்த குருவும் சீடர்களும் கரையேறித் தலையெண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொரு முறையும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஓர் ஆள் குறைகிறது. ஆற்றோடு போய்விட்டான் என்று எல்லோரும் அழுகிறார்கள். வழியில் வந்த வெளியாள் ஒருவர் எண்ணிக் காட்டிய பிறகுதான் கணக்குச் சரியாகிறது. நிரல் எழுதுகிறவர்களின் தவறு இதற்கு நேர் எதிர். சீடர்கள் தங்களை விட்டு எண்ணினார்கள். நாம் நம்மை மட்டும் எண்ணுகிறோம். நம் கணினி, நம் விசைப்பலகை, நம் உலாவி, நம் தமிழ். அதில் ஓடினால் ஓடியதாக நினைத்துவிடுகிறோம். இங்கும் வழியில் வருகிற வெளியாள் தேவை.

அலகுச் சோதனை முதல் படி. ககரம், ககரம், உகரம் தட்டினால் ‘க்கு’ வர வேண்டும் என்பது போன்ற இணைகள். இதை எழுதுவது எளிது, ஓடுவதும் நொடியில். அடுத்து அழிப்பு விசை. ‘க்கு’ என்பதன் இறுதியில் நின்று அழித்தால் பல உலாவிகளில் முதல் தட்டில் உகரக் குறி மட்டும் போய் ‘க்க’ ஆகும். அடுத்து ‘க்’, அடுத்து ‘க’, நான்காவது தட்டில்தான் இடம் காலியாகும். இரண்டு எழுத்து, நான்கு தட்டு. பிளகின் இந்தப் பழக்கத்தை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். பாதிச் சொல்லில் ஒரு மாதிரியும் பாதிச் சொல்லில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதுதான் கூடாது.

மூன்றாவது, உண்மையான உலாவியில் ஓடும் தானியங்கிச் சோதனை. செலினியம், பிளேரைட் போன்ற கருவிகள் மனிதர் அடிப்பதுபோல அடித்துக் காட்டும். ஆனால் ‘போல’ என்பதில்தான் ஏமாற்றம். அவை முழு எழுத்தை எடிட்டருக்குள் நேராகப் போட்டுவிடும். கைப்பேசியில் நடப்பது வேறு. அங்கே விசைப்பலகைச் செயலி சொல்லைத் தன் கையில் வைத்துக்கொண்டு, கீழே கோடிட்டுக் காட்டி, சொல் முடிந்த பிறகே எடிட்டரிடம் ஒப்படைக்கும். எந்த விசை என்று கேட்டால் ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் பதில். இப்படிச் சொல் பாதி கட்டிய நிலையில் பிளகின் நடுவில் புகுந்து திருத்தினால், ‘ஏலாஏலாக்’ என்று எழுத்து இரட்டித்துக் குதிக்கும். சொல் கட்டத் தொடங்கியதற்கும் முடித்ததற்கும் இடையில் பிளகின் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதை உறுதிசெய்ய மலிவான ஒரு கைப்பேசியும், அதில் குரல்வழியும் எழுத்துப்பெயர்ப்பிலும் அடிக்கிற ஓர் ஆளும் போதும். அந்த ஆள் நிரல் எழுதியவராக இருக்கக் கூடாது.

நான்காவது, ஒட்டிப் பார்ப்பது. தமிழ்நாட்டில் எந்த எடிட்டருக்குள்ளும் வந்து விழும் உரையில் பெரும்பகுதி அங்கே அடித்தது அல்ல. வேர்டிலிருந்து வரும், வாட்ஸாப்பிலிருந்து வரும், பழைய பிடிஎஃப்-இலிருந்து வரும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அடித்தது, எழுத்துருவைக் கழற்றினால் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும். அதைப் பிழைதிருத்திக்குக் கொடுத்தால் எல்லாமே பிழை. நல்ல பிளகின் முதலில் இது யுனிகோடுதானா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றித்தரட்டுமா என்று கேட்கும். இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டுவதில் கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் குறிகளும் சொல்லின் நடுவே ஒளிந்து வரும். பார்க்கச் சரியாக இருக்கும் சொல்லுக்கு ஏன் சிவப்புக் கோடு என்று எழுதுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

ஐந்தாவது, அன்டூ. பிளகின் செய்த திருத்தம் ஒரே தட்டில் திரும்பிப் போக வேண்டும். கூடவே தான் அடித்த கடைசிப் பத்தியும் போனால், அடுத்த முறை அந்தப் பிளகினை யாரும் இயக்க மாட்டார்கள். கடைசியாக, சேமித்துத் திரும்பத் திறப்பது. பிளகினை இயக்கிச் சேமித்த உரையும் இயக்காமல் சேமித்த உரையும், எழுதியவர் கேட்டுச் செய்த திருத்தம் தவிர மற்றதெல்லாம் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கிறதா? இந்த ஒரு சோதனை, ஒட்டு எடுக்க மறப்பது முதல் இயல்பாக்கத்தில் எழுத்து மாறுவது வரை பல வழுக்களை ஒரே வலையில் பிடிக்கும்.

எதைக் கொண்டு அளப்பது?

அடைக்கல மாதா திருவிழாவுக்கு ஒருவர் இணைய எடிட்டரில் நிகழ்ச்சி நிரல் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடியேற்றம், நவநாள், திருப்பலி, தேர்பவனி, உபயதாரர், பங்குத்தந்தை. அடைக்கலசாமி, ஆரோக்கியம், சவேரியார், அருளப்பன் என்று பெயர்கள். மொத்தம் ஆயிரம் சொல். அதில் உண்மையான பிழை பத்து.

முதல் பிளகின் நாற்பது சொல்லுக்குக் கோடு போடுகிறது. அதில் ஒன்பது உண்மையான பிழை. பத்தில் ஒன்பதைப் பிடித்துவிட்டது என்று விளம்பரம் செய்யலாம். ஆனால் கோடு போட்டதில் முப்பத்தொன்று வெறும் பழி. இரண்டாவது பிளகின் எட்டுக்கு மட்டும் கோடு போடுகிறது. ஏழு உண்மையான பிழை. மூன்றைத் தவறவிட்டது. இதில் எது நல்ல பிளகின்? போட்டியில் முதலாவது ஜெயிக்கும். மேசையில் இரண்டாவது நிலைக்கும். முதலாவதை வைத்திருப்பவர் அடைக்கலசாமிக்கும் தேர்பவனிக்கும் கோடு விழுவதைப் பார்த்துப் பார்த்து, பத்தாவது நிமிடத்தில் கோட்டையே பார்க்காமல் விடப் பழகிவிடுவார். அப்புறம் ‘பல்லிக்கூடம்’ என்று அடித்திருந்தாலும் அதுவும் கண்ணில் படாது. பொய்க்கோடு தான் மட்டும் வீணாவதில்லை. உண்மையான கோட்டின் மதிப்பையும் சேர்த்துக் கெடுக்கிறது.

விகுதி பெருக்கும் மொழியில், பெயர் பெருத்த நாட்டில், இந்த ஆபத்து ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு. ஆகவே தமிழ்ப் பிளகினின் சோதனைத் தொகுப்பில் பிழைப் பட்டியலைவிடப் பெரிதாக இருக்க வேண்டியது சரியான உரைத் தொகுப்பு: கோயில் அழைப்பிதழ், பஞ்சாயத்துத் தீர்மானம், சிறுகதையின் பேச்சுமொழி, இலங்கைத் தமிழ்ச் செய்தி, பழைய இலக்கண உரைநடை. இவற்றில் ஒரு கோடும் விழக் கூடாது என்பதே தேர்வு. ஒவ்வொரு புதிய விதியைச் சேர்க்கும்போதும் இந்தத் தொகுப்பை மறுபடி ஓட்ட வேண்டும். பேச்சுமொழிப் பகுதிதான் முதலில் அலறும். ‘வந்துட்டாங்க’ என்பதை ‘வந்துவிட்டார்கள்’ ஆக்கச் சொல்லும் பிளகின் பாத்திரத்தின் வாயை அடைக்கிறது.

பெருமொழி மாதிரிகள் வந்த பிறகு இந்தத் தேர்வு இன்னும் அவசரமாயிற்று. விதியால் ஓடும் பழைய பிளகின் கோடு போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. புதியது வாக்கியத்தையே எழுதித் தருகிறது. அது சரியான ஒரு சொல்லை மாற்றினாலும் வாக்கியம் வழவழப்பாகவே இருக்கும். மாறியது தெரியவே தெரியாது. கோடு தெரியும், மாற்றம் தெரியாது. இன்னொன்று: இத்தகைய பிளகின்கள் பெரும்பாலும் நாம் எழுதும் உரையை எங்கோ உள்ள கணினிக்கு அனுப்பித்தான் பதில் வாங்குகின்றன. வெளிவராத கதை, காவல் நிலையத்துக்கான மனு, மருத்துவக் குறிப்பு எல்லாம் அதே பெட்டியில்தான் எழுதப்படுகின்றன. எது வெளியே போகிறது என்பதை எழுதுகிறவருக்குத் தமிழிலேயே சொல்லி, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும். இதையும் சோதனைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்: வலையிணைப்பைத் துண்டித்துவிட்டு அடித்தால் பிளகின் என்ன செய்கிறது?

செய்யத் தொடங்குபவருக்கு

இப்படிப் பார்த்தால் வழி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. தமிழ் அறிவைத் தனி நூலகமாகவும் எடிட்டரோடு பேசும் பகுதியை மெல்லிய தோலாகவும் பிரிப்பது. ஒப்பிடும் முன் இயல்பாக்குவது. ஆனால் எழுதியவரின் உரையை அவரைக் கேட்காமல் மாற்றாமல் இருப்பது. சொல் கட்டும்போது குறுக்கிடாமல் இருப்பது. கோட்டை ஆவணத்துக்குள் போடாமல் மேலே போடுவது. ‘இதைச் சொல்லாக ஏற்றுக்கொள்’ என்ற பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, ஏற்றுக்கொண்ட ஊர்ப்பெயரை விகுதி சேர்ந்த வடிவங்களோடும் சேர்த்தே ஏற்பது. ‘ஏலாக்குறிச்சி’யை ஏற்றுக்கொண்டுவிட்டு ‘ஏலாக்குறிச்சிக்கும்’ என்பதற்கு மறுபடி கோடு போட்டால் அந்தப் பொத்தான் இருந்தும் பயனில்லை.

வீரமாமுனிவரின் சீர்திருத்தத்திலும் இப்படி ஒரு கட்டுப்பாட்டைப் பார்க்கலாம். தமிழ் எழுத்து வரிசை முழுவதையும் அவர் கலைத்துப் போடவில்லை. படிப்பவர் தடுமாறிய இடங்களில், ஒரு கோடும் ஒரு சுழியும் ஒரு கொம்பு வேறுபாடும் மட்டும் சேர்த்தார். மற்ற எழுத்துகள் இருந்தபடியே இருந்தன. எழுதுகிறவர்களும் பின்னால் அச்சுக்கோத்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

எனவே புதிதாகப் பிளகின் எழுதுகிறவர் தன் சோதனைக் கோப்பின் முதல் வரியாக இதைப் போட்டுக்கொள்ளட்டும். கைப்பேசியில் ‘ஏலாக்குறிச்சி’ என்று அடிக்க வேண்டும். சேமிக்க வேண்டும். மூட வேண்டும். வேறொருவர் கணினியில் திறக்க வேண்டும். எழுத்து ஏழு, குறியெண் பதின்மூன்று, கோடு பூஜ்யம். எதிர்பார்க்கும் விளைவு என்ற கட்டத்தில் எழுத வேண்டியது: ஒன்றும் நடக்கக் கூடாது.